வரையும் கோடும்

நுழையும்முன்

தமிழில் ‘வரை’ என்னும் சொல் மலையைக் குறிக்கும். ‘வரைதல்’ என்பது ஓவியம் எழுதுதலைக் குறிக்கும். ‘கோடு’ என்னும் சொல்லும் அத்தகையதே. தாளில் இழுப்பதும் கோடு. மலையின் உச்சியும் கோடு. திருச்செங்கோடு என்னும் ஊர்ப்பெயரில் நிற்பது மலைக்கோடு. கோட்டோவியத்தால் தமிழ் வாசகர்களிடையே பெயர்பெற்று, பின்னர் அக்கோட்டைக் கீழே வைத்துவிட்டு, நிலத்தை வண்ணத்தால் எழுப்பத் துணிந்த ஓவியர் ஒருவரின் வாழ்க்கை இங்குப் பாடமாகிறது.

மலையின் நிறம்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் அடிவானில் கல்வராயன் மலைத்தொடர் தெரியும். விடியற்காலையில் அது சாம்பல் நிறத்தில் நீண்டு கிடக்கும். கதிர் மேலேறியதும் கீழ்த்திசை நோக்கிய பாறைச் சரிவுகள் செம்பழுப்பாக வெளிப்படும். நண்பகல் வெயிலில் யாவும் வெளிறிப்போகும். மாலையில் கதிரவன் மலைக்குப் பின்னே இறங்கும்போது மடிப்புகளும் பள்ளங்களும் மறைந்து, கருநீல விளிம்பு ஒன்று மட்டும் எஞ்சும். ஐப்பசி மழையிலோ மலை இருந்த இடத்தில் முகில்தான் இருக்கும்.

கச்சிராயபாளையத்தைக் கடந்து கோமுகி அணையின் அருகே சென்று பார்ப்பவருக்குத் தொலைவில் கண்ட நீலம் கிடைக்காது. அந்நீலம் மலைக்கு உரியதன்று; கண்ணுக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்றுக்கு உரியது. அருகில் இருப்பவை கரும்பாறையும் செம்மண்ணும் மரங்களின் பலவகைப் பசுமையும் ஆகும். மேலே ஏறினால் கடுக்காய் மரங்களும் மரவள்ளிக் கொல்லைகளும் வரும். அப்படியாயின் மலையின் நிறம் யாது? மலையை எழுத முற்படும் எந்த ஓவியரும் முதலில் தடுமாறும் இடம் இது.

அடுத்த தடுமாற்றம் இதனினும் பெரிது. மலை வழவழப்பானதன்று. பல்லாயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் வெடித்தும் உதிர்ந்தும் அரிக்கப்பட்டும் நிற்பது அது. மென்மயிர்த் தூரிகையோ வண்ணத்தை மெழுகினாற்போல் பரப்ப வல்லது. நீரையும் வானையும் பட்டாடையையும் அது நன்கு எழுதும். பாறையின் சொரசொரப்பை எழுதும்போது அத்தூரிகை பாறையைப் பற்றிய செய்தியைத் தருமேயன்றிப் பாறையைத் தராது. இச்சிக்கலுக்கு ஓவியர்கள் கண்ட விடைகளுள் ஒன்று, தூரிகையை வைத்துவிட்டுக் கத்தியை எடுப்பது. தமிழகத்தில் அவ்வாறு கத்தியைக் கொண்டு நிலத்தை எழுப்பியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் கே. எம். ஆதிமூலம்.

கீராம்பூரிலிருந்து சென்னைக்கு

கல்வராயனுக்குத் தெற்கே ஆத்தூர்ப் பகுதியின் சமவெளி விரிந்துள்ளது. அதனைக் கடந்தால் பச்சைமலை. அதற்கு மேற்கே கொல்லிமலை. தனித்தனிப் பெயர்கள் பெற்றிருப்பினும் இவை மூன்றும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகளே. பச்சைமலைக்குத் தெற்கிலும் கொல்லிமலைக்குக் கிழக்கிலும் உள்ள சமவெளியில் துறையூர் அமைந்துள்ளது. வானம் தெளிந்த நாளில் இவ்வட்டாரத்தில் எந்த வயல்வரப்பில் நின்றாலும் ஏதேனும் ஒரு மலையின் விளிம்பு கண்ணில் படும். துறையூரை அடுத்த கீராம்பூர் என்னும் சிற்றூரில் 1938ஆம் ஆண்டு ஆதிமூலம் பிறந்தார்.

அக்காலத்தில் ஒரு சிற்றூர் இளைஞன் ஓவியனாக விரும்புவது எளிய விருப்பமன்று. ஓவியம் என்றால் கடைகளின் பெயர்ப்பலகையும் திரைப்பட விளம்பரப் பதாகையும் நாட்காட்டித் தெய்வப்படமும்தான் ஊரார் அறிந்தவை. அவற்றைத் தீட்டுபவர்க்கு ஓரளவேனும் கூலி உண்டு. அவற்றிற்கு அப்பாற்பட்ட ஓவியத்திற்குக் கூலியும் இல்லை. அதனைக் கேட்பவரும் இல்லை. இருந்தும் ஆதிமூலம் 1959இல் சென்னைக்குச் சென்றார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் சிற்பி எஸ். தனபால். பெரியாரின் உருவச்சிலையை வடித்தவரும், சென்னைக் கலைப்பள்ளியின் ஆசிரியருமான தனபால், கலை பயில வந்த இளைஞர்கள் பலருக்கு அரணாக விளங்கியவர்.

ஆதிமூலம் சேர்ந்து பயின்ற அக்கலைப்பள்ளி 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரால் தொடங்கப்பட்டது. மட்பாண்டம், மரவேலை, உலோகவேலை முதலிய தொழில்களைக் கற்பிப்பதே அதன் தொடக்ககால நோக்கம். இருபதாம் நூற்றாண்டில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராகப் பொறுப்பேற்றபின், அது தொழிற்பள்ளி என்னும் நிலையிலிருந்து நுண்கலைப் பள்ளியாக மாறியது. மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலை அவர் படைப்பே. அவருக்குப்பின் 1957இல் கே. சி. எஸ். பணிக்கர் முதல்வரானார். இன்று அந்நிறுவனம் அரசு கவின்கலைக் கல்லூரி என்னும் பெயரில் இயங்குகிறது.

பணிக்கரின் காலம் கேள்விகளின் காலம். ஐரோப்பிய ஓவியத்தைப் படியெடுப்பதா? அஜந்தாவைப் படியெடுப்பதா? இரண்டையும் விடுத்தால் ஒரு தென்னிந்திய ஓவியர் எதனைத் தமக்குரியது எனக் கொள்வது? சென்னை ஓவியர்கள் பலர் கண்ட விடை ‘கோடு’ என்பதாக இருந்தது. வாசலில் இடும் கோலம், ஓலைச்சுவடியின் எழுத்து, கலம்காரித் துணியின் எல்லைக்கோடு, சோழர் செப்புத் திருமேனியின் வளைவு ஆகிய அனைத்திலும் கோடே ஆட்சி செய்கிறது. இம்மண்ணின் கலை கோட்டில் பேசும் கலை என அவர்கள் கருதினர். அச்சூழலில் பயின்ற ஆதிமூலம் 1966இல் பட்டயம் பெற்று வெளிவந்தார். அதே ஆண்டில்தான் பணிக்கரின் முயற்சியால் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. ஓவியம் விற்காத நாளில் ஓவியர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வாழ்ந்த இடம் அது. ஓவியரின் வாழ்வு அந்நாளில் எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கோட்டின் காலம்

1969ஆம் ஆண்டு காந்தியடிகளின் பிறந்த நூற்றாண்டு. அதனையொட்டி ஆதிமூலம் காந்தியடிகளின் வாழ்வின் பல பருவங்களைக் கருப்பு மையில் நூறளவு கோட்டோவியங்களாக எழுதினார். காந்தியடிகளை எழுதுவது எளிதுபோல் தோன்றும். உண்மையில் மிகக் கடினம். கண்ணாடி, கைத்தடி, இடுப்புத்துணி ஆகிய மூன்றையும் போட்டுவிட்டால் எவரும் அடையாளம் கண்டுகொள்வர். அந்த அடையாளமே ஓவியருக்குப் பகை. எல்லாரும் அறிந்த உருவத்தில் அறியாத ஒன்றைக் காட்டினாலன்றி அது ஓவியமாகாது. தண்டி நடைப்பயணத்தை 1930இல் நந்தலால் போஸ் கருப்பு வெள்ளை அச்சோவியமாக்கியபோது, தடியூன்றி நடக்கும் உறுதியை ஒரு சில வெண்கோடுகளில் அடக்கினார். ஆதிமூலத்தின் வழி வேறு. அவர் கோடுகள் ஒன்றின்மீது ஒன்றாக விரைந்து, பின்னி, சிக்கி, அச்சிக்கலினின்று ஒரு முகம் மெல்ல வெளிவரும். முகத்தின் சுருக்கமும் கோட்டின் பின்னலும் வேறுவேறாகத் தோன்றா.

அதனைத் தொடர்ந்து மன்னர்களை எழுதினார். முடியும் அணிகலனும் பட்டாடையும் கனக்க வீற்றிருக்கும் மன்னர்கள் அவர்கள். ஆடையின் ஒவ்வோர் இழையும் நுணுக்கமாக அமைந்திருக்கும். உள்ளே இருக்கும் மனிதரோ சிதைந்து உதிர்ந்துகொண்டிருப்பார். ஆட்சி போனபின்பும் அலங்காரம் போகாத நிலை அது. முன்னாள் மன்னர்களுக்கு அரசு வழங்கிவந்த மானியம் 1971இல் நிறுத்தப்பட்டதை நினைவில் கொண்டு பார்ப்பவர்க்கு இவ்வோவியங்களின் எள்ளல் இன்னும் கூர்மையாகத் தோன்றும். காந்தி ஓவியங்களே பெரிதும் பேசப்பட்டன எனினும், அவர்தம் கோட்டின் முழு வலிமையையும் காட்டுவன மன்னர் ஓவியங்களே எனல் தகும்.

அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் தமிழில் சிற்றிதழ்கள் பல தோன்றின. புதுக்கவிதையும் புதிய சிறுகதையும் அவற்றில் வளர்ந்தன. அதுகாறும் தமிழ் இதழ்களில் ஓவியர் என்பவர் கதையில் நிகழ்வதை அப்படியே படமாக்கித் தருபவர். கதாநாயகி ஊஞ்சலில் ஆடினால் படத்திலும் ஊஞ்சல் ஆடும். ஆதிமூலமும் அவருடைய தலைமுறையினரும் இவ்வழக்கத்தை மாற்றினர். ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களில் இடம்பெற்ற அவர்தம் ஓவியங்கள் எழுத்துக்கு விளக்கவுரையாக அமையவில்லை. எழுத்தின் அருகில் தனித்து நின்றன. நூல்களின் அட்டைக்கென அவர் எழுதிய தமிழ் எழுத்துகளும் தனி அழகுடையன. அச்சு எழுத்தின் விறைப்பு நீங்கிய அவ்வெழுத்துகள் கையின் அசைவைத் தாங்கி நின்றன.

சிற்றிதழின் வாசகர் சில நூறு பேரே. பெருந்திரளான வாசகரிடம் ஆதிமூலத்தைக் கொண்டுசேர்த்தது கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’. ஜூனியர் விகடனில் தொடராக வெளிவந்த அக்கட்டுரைகளுக்கு ஆதிமூலம் படம் எழுதினார். கரிசல் மண்ணின் வெடிப்பும், முள்மரமும், வெயிலில் காய்ந்த முதியவர் முகமும் அவர் கோடுகளில் ஒரே பொருளால் ஆனவைபோல் தோன்றின. நவீன ஓவியம் தமக்குப் புரியாது என்று ஒதுங்கியிருந்த வாசகர்கள், நவீன ஓவியர் ஒருவரின் கோட்டை வாரந்தோறும் தம்மையறியாமலேயே விரும்பத் தொடங்கினர்.

இதில் அச்சுத்தொழிலின் பங்கும் உண்டு. அக்கால மலிவுத்தாளில் வண்ணப்படமும் நிழற்படமும் கலங்கிக் கறையாகிவிடும். கருப்பு மைக்கோடு மட்டுமே கெடாமல் பதியும். கோட்டில் வல்ல ஓவியரை இதழ்கள் நாடியதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று.

கோட்டை விடுதல்

இவ்வாறு பெயரும் புகழும் பெற்ற ஒருவர் அவ்வழியிலேயே தொடர்ந்திருக்கலாம். வாசகர் விரும்பினர், இதழாசிரியர் வேண்டினர், கையோ பழகியிருந்தது. ஆயினும் ஆதிமூலம் தம் கித்தான்களில் வேறு திசையில் நடந்தார். அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களில் காந்தியும் இல்லை, மன்னரும் இல்லை, மரமும் வீடும் மாடும் இல்லை. விரிந்த வண்ணப் பரப்புகள் மட்டுமே இருந்தன. கலை விமரிசகர் இவற்றை அரூப ஓவியம் என்பர். உருவம் நீக்கப்பட்ட ஓவியம் என்பது அதன் பொருள்.

உருவம் நீங்கினும் நிலம் நீங்கவில்லை. கிடைமட்டமாகச் செல்லும் ஒரு பிளவு அடிவானமாகலாம். கீழே செம்மண்ணும் மஞ்சளும், மேலே திடீரென விரியும் நீலமும், நடுவே பெயர்ந்து நிற்கும் ஒரு வெண்பகுதியும் சேர்ந்து, என்றோ பேருந்தின் சாளரம் வழியே கண்ட ஒரு மலைச்சரிவை நினைவூட்டும். எந்த மலை என்று கேட்டால் விடை இல்லை. பச்சைமலை என்றோ கொல்லிமலை என்றோ கல்வராயன் என்றோ பெயரிட அவ்வோவியங்கள் இடந்தருவதில்லை. ஒரு மலையை நெடுநேரம் பார்த்தபின் கண்ணை மூடினால் எஞ்சுவது எதுவோ அதுவே அங்கு இருக்கிறது.

இந்நிலத்தை எழுப்ப அவர் பெரிதும் கையாண்ட கருவி ஓவியக் கத்தி. ஓவியர்கள் இதனைப் ‘பேலட் நைஃப்’ என்றே வழங்குவர். பெயரில் கத்தி எனினும் இதற்குக் கூர் இல்லை. வளைந்து மீளும் மெல்லிய எஃகுத் தகடும் மரக் கைப்பிடியும் உடையது. வண்ணங்களைக் கலப்பதற்கென நேரான தகடு ஒருவகை. கித்தானில் வண்ணம் இடுவதற்கெனக் கழுத்துப்பகுதி மடிந்த தகடு மற்றொருவகை. பின்னதைப் பார்த்தவுடன் கொத்தனாரின் கரணையே நினைவுக்கு வரும். அதன் சிறுவடிவம் என்றே சொல்லலாம். வேலையும் அத்தகையதே. கரணையில் சாந்தை அள்ளிச் சுவரில் அப்பி இழுப்பதுபோல, வண்ணத்தை அள்ளிக் கித்தானில் அப்பி இழுக்க வேண்டும்.

தூரிகையால் செய்ய இயலாத சிலவற்றைக் கத்தி செய்யும். இரண்டு வண்ணங்களை முற்றக் குழைக்காமல் ஒருசேர அள்ளி ஒரே இழுப்பில் பரப்பினால், அவை கலந்தும் கலவாமலும் வரிவரியாகப் படியும். பாறையின் அடுக்கு அப்படித்தான் இருக்கிறது. முன்னரே காய்ந்து மேடுபள்ளமாக நிற்கும் வண்ணத்தின்மீது கத்தியை மெல்ல வருடினாற்போல் இழுத்தால், புதிய வண்ணம் மேடுகளில் மட்டும் ஒட்டும். பள்ளங்களில் பழைய வண்ணம் தெரியும். வெயில் பாறையின் முகடுகளில் மட்டும் தங்குவதை இதனினும் நன்றாகக் காட்டும் முறை வேறில்லை. தகட்டின் விளிம்பை அழுத்தினால் நேரிய கோடு பிறக்கும். அது மலைமுகடாகவோ பட்டமரத்தின் தண்டாகவோ ஆகலாம். ஈரம் காயுமுன் சுரண்டினால் அடியில் உள்ள நிறம் வெளிப்படும். எல்லாவற்றிற்கும் மேலாக, தடித்துப் படிந்த வண்ணம் தானே சிறுநிழல் வீழ்த்தும். ஓவியர் நிழலை எழுத வேண்டுவதில்லை. அறையின் விளக்கே எழுதிவிடும்.

கத்தி பறித்துக்கொள்வதும் உண்டு. மயிரிழை போன்ற நுணுக்கம் அதற்குக் கைவராது. முகத்தின் சுருக்கம், ஆடையின் நூலிழை, விரல் நகம் ஆகியவற்றைக் கத்தியால் எழுத முற்படுவது கடப்பாரையால் கோலம் போடுவதை ஒக்கும். அதாவது, எந்த நுணுக்கத்தால் ஆதிமூலம் பெயர் பெற்றாரோ, அந்த நுணுக்கத்தை முழுவதும் மறுக்கும் கருவி இது. அவர் கைமாற்றிக்கொண்டது கருவியை மட்டுமன்று என்பதை இதனால் உணரலாம்.

வண்ணச் செலவும் சிறிதன்று. தூரிகையால் மூன்று ஓவியங்கள் எழுதப் போதுமான வண்ணத்தைக் கத்தி ஓர் ஓவியத்திலேயே விழுங்கிவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் நீர்வண்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள உயிர்வளியுடன் கூடி மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சு சில நாளில் காயும். தடித்த பூச்சின் மேல்புறம் ஏடுகட்டியிருக்கும்போதே உள்ளே ஈரம் பல மாதங்கள் நீடிக்கும். அடிப்பூச்சு இறுகுமுன் பொறுமையின்றி மேற்பூச்சு இட்டால் பின்னாளில் வெடிப்பு விழும். எனவே கத்தியின் வேகம் ஒரு கணத்துக்குரியது. அடுத்த கணத்துக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரே அமர்வில் விரைந்து முடியும் மைக்கோட்டுக்குப் பழகிய கைக்கு இக்காத்திருப்பே பெருஞ்சோதனை.

கத்தியும் கல்மலையும்

மலையும் கத்தியும் சேர்ந்தது ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. பிரான்சின் கிழக்கெல்லையில் ஜுரா மலைப்பகுதியைச் சேர்ந்த ஓர்னான் என்னும் ஊரில் 1819இல் பிறந்தவர் குஸ்தாவ் கூர்பே. அவர் ஊரைச் சூழ்ந்து நிற்பவை சுண்ணாம்புப் பாறைகள். அப்பாறைகளை எழுதுகையில் அவர் கத்தியை எடுத்து வண்ணத்தை அப்பினார். வழவழப்பான மெருகே ஓவியத்தின் இலக்கணம் என்று கருதிய அந்நாளையோர்க்கு அது நாகரிகமற்ற செயலாகத் தோன்றியது.

கூர்பேயின் வழியைப் பின்பற்றிய இளைஞர்களுள் ஒருவர் பால் செசான். 1866ஆம் ஆண்டளவில் அவர் தம் தந்தையையும் மாமனையும் கத்தியால் தடித்த வண்ணத்தில் எழுதினார். வியப்பு யாதெனில், செசான் உலகப்புகழ் பெற்றது ஒரு மலையை எழுதியதால். அம்மலையை எழுதிய காலத்திலோ அவர் கத்தியைக் கைவிட்டுத் தூரிகைக்குத் திரும்பியிருந்தார். தம் பிறந்த ஊராகிய எக்ஸ் நகரருகே உள்ள சேன் விக்டுவார் மலையை அவர் 1906இல் இறக்கும்வரை மீண்டும் மீண்டும் எழுதினார். கத்தி கற்றுத்தந்த பாடம் தூரிகையில் தங்கிவிட்டது. சிறுசிறு வண்ணத் திட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, எல்லைக்கோடு இன்றியே மலையை நிறுத்த அவரால் முடிந்தது.

செசான் கத்தியில் தொடங்கித் தூரிகைக்கு வந்தார். ஆதிமூலம் பேனாவில் தொடங்கிக் கத்திக்கு வந்தார். திசைகள் வேறாயினும் இருவர் முன்னும் நின்ற கேள்வி ஒன்றே. பொருளுக்கு விளிம்பு உண்டா, அல்லது விளிம்பு என்பது நாம் இடுவதா? கோட்டோவியர் விளிம்பை நம்புபவர். மாலைநேரத்துக் கல்வராயனைப் பார்ப்பவரும் அதனை நம்புவார். அதே மலையின் சரிவில் நடப்பவர்க்கோ விளிம்பு எங்கும் அகப்படுவதில்லை. அடுத்தடுத்து மண்ணும் கல்லும் புல்லும்தான் இருக்கின்றன.

பார்ப்பவர் முன் உள்ள இடர்

ஆதிமூலத்தின் கோட்டை விரும்பியவர்களுள் பலர் அவருடைய வண்ணத்தைப் பின்தொடரவில்லை. காந்தி ஓவியத்தின் முன் நின்றவருக்கு அது யார் என்ற ஐயம் எழவில்லை. வண்ணப் பரப்பின் முன் நின்றவருக்கு அது என்ன என்ற கேள்வியைத் தவிர வேறொன்றும் எழவில்லை. இதற்கு வாசகரைக் குறைகூறிப் பயனில்லை. கோட்டோவியங்கள் இதழின் வழியே வீட்டு வாயிலுக்கே வந்தன. எண்ணெய் ஓவியங்களோ காட்சிக்கூடங்களிலும் அவற்றை வாங்க வல்லாரின் சுவர்களிலும் இருந்தன. அவற்றைக் காணாதவர் அவற்றை விரும்பவில்லை என்பது பொருத்தமற்ற குற்றச்சாட்டு.

அச்சுப்படியில் கண்டவர்க்கும் முழுமையாகக் காணக் கிட்டவில்லை. தாளில் அச்சாகும்போது கத்தி எழுப்பிய மேடும் பள்ளமும் தட்டையாகிவிடும். கோடு அச்சில் ஒன்றும் இழப்பதில்லை. தடித்த வண்ணம் பாதியை இழக்கிறது. ஆதலின் இத்தகைய ஓவியத்தை நேரில் காண்பதே முறை. நேர் எதிரே நின்று பார்த்தபின் சற்றுப் பக்கவாட்டில் நகர வேண்டும். சாய்ந்து விழும் ஒளியில் கத்தி சென்ற திசையும், அது நின்ற இடமும், மீண்டும் எடுத்த இடமும் தெளிவாகத் தெரியும். பின்னர் பத்தடி விலக வேண்டும். அப்பி வைத்த வண்ணம் மறைந்து நிலம் தோன்றுவது அப்போதுதான். மலையைக் காண அணுகுவதும் விலகுவதும் எவ்வளவு தேவையோ, அவ்வளவும் இங்கும் தேவை.

இவ்வோவியங்களைக் கூர்ந்து நோக்கினால் கோடு முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதும் புலப்படும். ஒரு வண்ணப்பரப்பு முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையில், கத்தியின் விளிம்பு ஒதுக்கிய வண்ணம் சிறுவரப்பாக எழுந்து நிற்கும். அது வரையப்பட்ட கோடன்று; இரண்டு நிலங்கள் சந்தித்ததால் உண்டான கோடு. வயல்களுக்கு இடையே வரப்பு அமைவதும் இவ்வாறே.

பிற்கால ஓவியங்களில் பேரார்வம் கொண்டிருந்தபோதும் ஆதிமூலம் பேனாவை முற்றத் துறந்தாரல்லர். நூலட்டைக்கும் இதழுக்கும் எழுத்தாள நண்பர்களுக்கும் அவர் கோட்டோவியம் எழுதித் தந்தார். ஒரே கை இரண்டு மொழிகளையும் பேசியது. எழுத்தாளர்களுடன் ஓவியர் ஒருவர் இவ்வளவு நெருங்கிப் பழகியது தமிழில் அரிது. அவ்வுறவால் இருதிறத்தாரும் பெற்றது மிகுதி.

2008ஆம் ஆண்டு பொங்கலையொட்டி, ஜனவரி 15 அன்று, ஆதிமூலம் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. இதழ்கள் வெளியிட்ட இரங்கற் செய்திகளில் காந்தியும் கரிசல் முகங்களுமே பெரிதும் நினைவுகூரப்பட்டன. அவர் நூலட்டைகளில் எழுதிய தமிழ் எழுத்துகள் இன்றும் நூலக அடுக்குகளில் காணக்கிடைக்கின்றன. எழுதியவர் பெயரை அறியாமலேயே பலரும் அவற்றை எடுத்துப் புரட்டுகின்றனர். வண்ணக் கித்தான்கள் காட்சிக்கூடங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் உள்ளன. பகலில் சாளரத்தின் வழியே ஒளி சாய்வாக விழும்போது அவற்றின் மேடுகள் ஒளிபெறும். மாலையில் அவையும் கருநீலமாகும்.